வாட்டுக்கு முன் வோல்ட்: கேரவன் கூரையில் சூரிய மின்சாரம்

கேரவனுக்கு சோலார் போட நினைப்பவர் கடையில் முதலில் கேட்பது, "எத்தனை வாட் பேனல் இருக்கு?" என்பதுதான். விலைப்பட்டியலும் வாட் கணக்கில்தான் இருக்கிறது என்பதால் பேச்சு அங்கேயே தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. பேனலைத் தேர்ந்தெடுத்து, கூரையில் ஏற்றி, கடைசியில் மிச்சமிருக்கும் காசுக்கு ஒரு சார்ஜ் கன்ட்ரோலரை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். இந்த வரிசை தலைகீழானது என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். புதுச்சேரி போன்ற வெக்கையும் உப்புக்காற்றும் மரநிழலும் உள்ள ஊரில், நகரும் வண்டிக்கு முதலில் தீர்மானிக்க வேண்டியது வோல்ட். வெயில் ஏறினால் பேனலின் வோல்ட் இறங்குகிறது. வண்டி மலையேறினால் அது உயர்கிறது. மெல்லிய வயரும் உப்புப் பூத்த இணைப்பும் அதைத் தின்கின்றன. கிளை நிழல் அதைத் துண்டுபோடுகிறது. இத்தனைக்கும் நடுவில் நின்று பேட்டரிக்கு வேண்டிய அளவைச் சரியாகக் கொடுப்பது கன்ட்ரோலர். ஆகவே அதைத் தேர்ந்தெடுத்த பிறகு, அதற்கு ஏற்ற பேனலைத் தேடுவதே முறை.

முதலில் ஊரின் வெயிலைப் பார்ப்போம். புதுச்சேரி ஏறக்குறைய 12 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். டிசம்பர் 21 அன்றுகூட நண்பகலில் அடிவானத்திலிருந்து சுமார் 55 டிகிரி உயரத்தில் நிற்கும். ஐரோப்பியக் கையேடுகள் பேனலைச் சாய்த்து வைக்கும் சட்டங்களுக்குப் பல பக்கங்கள் ஒதுக்குகின்றன. பாரிஸில் அதே நாளில் நண்பகல் சூரியன் 18 டிகிரிக்கு மேல் ஏறாது என்பதால் அங்கே அது நியாயம். நம் ஊரில் கூரைமேல் தட்டையாகப் படுக்க வைத்த பேனல் வருடம் முழுக்க இழப்பது சில சதவீதம்தான். சாய்க்கும் கீலுக்கும் கம்பிக்கும் கொடுக்கும் காசு வீண் என்பது மட்டுமல்ல, கடற்காற்றில் துருப்பிடிக்கவும் ஆடவும் கூடுதலாக ஒரு பாகம் சேர்கிறது. தட்டையாகவே போடுங்கள்.

வெயில் தாராளமாகக் கிடைக்கிறது, அதோடு வெப்பமும் வருகிறது. பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள வாட், செல்லின் வெப்பநிலை 25 டிகிரியாக இருக்கும்போது ஆய்வகத்தில் அளந்தது. மே மாத மதியத்தில் இரும்புக் கூரைமேல் கிடக்கும் பேனலின் செல் 65, 70 டிகிரியைத் தொடுவது சாதாரணம். டிகிரிக்கு ஏறக்குறைய 0.35 முதல் 0.4 சதவீதம் என்று மின்திறன் குறைவதால், 100 வாட் பேனல் 82, 84 வாட்டுக்கு இறங்கிவிடும். இந்த இழப்பு முழுவதும் வோல்ட்டில்தான் நிகழ்கிறது. கரண்ட் ஏறக்குறைய அப்படியே இருக்கும். 12 வோல்ட் பேனல் என்று விற்கப்படும் 36 செல் பேனலின் வேலை வோல்ட் 25 டிகிரியில் சுமார் 18. அதுவே 70 டிகிரியில் 14.7 அளவுக்கு வந்துவிடுகிறது. வயரிலும் இணைப்புகளிலும் அரை வோல்ட் போனால் பேட்டரிக்கு எட்டுவது 14.2. ஆனால் பேட்டரி நிறையும் கடைசிக் கட்டத்தில் அது கேட்பது 14.4. அந்த இடத்தில் பேனலின் கரண்ட் சரசரவென்று குறைந்துவிடும். வெயில் மிக உக்கிரமாக இருக்கும் நேரத்தில்தான் பேட்டரி நிறையாமல் இழுத்தடிக்கிறது. பலர் இதைப் பேனலின் குறை என்று நினைத்து இன்னொரு பேனலைப் பக்கத்தில் சேர்க்கிறார்கள். அதனால் வாட் கூடுகிறது, வோல்ட் கூடுவதில்லை.

கன்ட்ரோலரில் இரண்டு வகை உண்டு. பி.டபிள்யூ.எம். என்பது பேனலைப் பேட்டரியோடு நேராகச் சேர்த்துச் சேர்த்து விடுவிக்கும் சுவிட்ச் போன்றது. பேனல் எத்தனை வோல்ட்டில் இருந்தாலும் அதைப் பேட்டரியின் வோல்ட்டுக்கு இழுத்துவிடும். எம்.பி.பி.டி. என்பது பேனலை அதற்கு உகந்த வோல்ட்டில் வேலை செய்யவிட்டு, கூடுதல் வோல்ட்டைக் கரண்டாக மாற்றிப் பேட்டரிக்குத் தருவது. இன்று வீட்டு மாடிகளுக்காகச் சந்தையில் குவிந்திருக்கும் பேனல்களில் 108 அரைச்செல் கொண்ட 400 வாட் பேனல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வேலை வோல்ட் சுமார் 31, கரண்ட் சுமார் 13 ஆம்பியர். இதை பி.டபிள்யூ.எம். வழியாக 13 வோல்ட்டில் இருக்கும் பேட்டரியில் மாட்டினால் கிடைப்பது 13 பெருக்கல் 13, அதாவது 170 வாட் சொச்சம். எம்.பி.பி.டி. மாட்டினால் மே மாத வெக்கையில் பேனல் 335 வாட்டுக்கு இறங்கினாலும், மாற்றும் இழப்பு போகச் சுமார் 315 வாட் கிடைக்கும். கன்ட்ரோலரில் மிச்சம்பிடித்த காசு, பாதிப் பேனலைக் கூரையில் வெறும் சுமையாக்கிவிடுகிறது.

இதற்கு மறுப்பு உண்டு, அதில் உண்மையும் உண்டு. "சூடான ஊரில் பேனல் வோல்ட் இறங்கிப் பேட்டரி வோல்ட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறதே, அப்போது எம்.பி.பி.டி. என்ன பெரிதாகக் கூட்டித் தரும்?" என்று அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன்களே கேட்பார்கள். 36 செல் பேனல் ஒன்றுக்கு அது சரி. 100 வாட் பேனலில் பி.டபிள்யூ.எம். 72 வாட் தந்தால், சூட்டில் எம்.பி.பி.டி. 79 வாட் தரும். பத்து சதவீதத்துக்காக மூன்று, நான்கு மடங்கு விலை கொடுக்க வேண்டியதில்லை. மின்விசிறியும் விளக்கும் மட்டும் ஓட்டும் சின்ன வண்டிக்கு, ஒரு 100 வாட் பேனலும் நல்ல பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலரும் குறைசொல்ல முடியாத ஏற்பாடு. காரீய அமில பேட்டரி என்றால் இன்னொரு சலுகையும் இருக்கிறது: பேட்டரி சூடானால் அதற்கு வேண்டிய சார்ஜ் வோல்ட்டே குறையும், 40 டிகிரியில் 14.4க்குப் பதிலாக 14 போதும். வெப்ப உணரி உள்ள கன்ட்ரோலர் இதைத் தானே சரிசெய்துகொள்ளும். ஆனால் லித்தியம் பேட்டரிக்கு அந்தச் சலுகை இல்லை. ஃப்ரிட்ஜும் சேர்ந்த கேரவனுக்கு 36 செல் பேனல்களை அடுக்கிக்கொண்டு போவதும் கட்டுப்படியாகாது, ஏனென்றால் வாட்டுக்கு வாட் அவற்றின் விலை வீட்டுப் பேனலைவிட அதிகம். எம்.பி.பி.டி.க்குக் கொடுக்கும் கூடுதல் விலையில் ஒரு பகுதி பேனல் விலையிலேயே திரும்பிவிடும்.

வோல்ட் கீழே இறங்குவதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் அது மேலே ஏறுவதை மறந்துவிடுவோம். அங்கேதான் கன்ட்ரோலர் கருகுகிறது. ஒவ்வொரு எம்.பி.பி.டி. கன்ட்ரோலருக்கும் பேனல் பக்கம் தாங்கக்கூடிய உச்ச வோல்ட் ஒன்று உண்டு. 75, 100, 150 என்று பெட்டிமேலேயே போட்டிருக்கும். 540 வாட் பேனல் இரண்டைச் சீரீஸாகப் போட்டு 100 வோல்ட் கன்ட்ரோலரில் மாட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு பேனலின் திறந்த வோல்ட் 49.5, இரண்டுக்கும் 99. காகிதத்தில் கணக்குப் பொருந்துகிறது. புதுச்சேரி மதியத்தில் அது 90க்கும் கீழே இருக்கும், எந்தத் தொல்லையும் வராது. அதே வண்டி ஜனவரியில் ஊட்டிக்குப் போகிறது. இரவு வெப்பநிலை பூஜ்யத்துக்குப் பக்கத்தில். விடிந்து முதல் வெயில் குளிர்ந்த பேனல்மேல் விழும் நொடியில், டிகிரிக்கு 0.28 சதவீதம் என்று 25 டிகிரிக்கு 7 சதவீதம் கூடி 106 வோல்ட் வரும். கன்ட்ரோலரின் உள்ளே இருக்கும் மின்தேக்கிகளும் டிரான்சிஸ்டர்களும் அதற்குள் போய்விடும், உத்தரவாதமும் சேர்ந்து போகும். வீட்டு மாடிக்கு ஒரே ஊர் வெப்பநிலையைக் கணக்கிட்டால் போதும். வண்டி போகக்கூடிய மிகக் குளிர்ந்த இடத்தை வைத்துக் கணக்கிட வேண்டும் என்பதுதான் கேரவனுக்குள்ள வித்தியாசம். இருபது சதவீத இடைவெளி விட்டுக்கொள்வது நல்லது.

இப்போது எத்தனை வாட் என்ற கேள்விக்கு வரலாம். அதற்கும் விடை பேனலில் இல்லை, உள்ளே ஓடும் சாமான்களில் இருக்கிறது. இரண்டு பி.எல்.டி.சி. விசிறிகள் தலா 25 வாட்டில் பத்து மணி நேரம் ஓடினால் 500 வாட்-மணி. 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் ஓடும்போது 50 வாட் எடுக்கும். நம் வெக்கையில் நாளில் பாதி நேரம் ஓடும் என்று வைத்தால் 600. விளக்குகளுக்கு 100, லேப்டாப்புக்கும் போன்களுக்கும் 150, தண்ணீர் மோட்டாருக்கு 30. கூட்டினால் ஏறக்குறைய 1,400 வாட்-மணி, வீட்டுக் கணக்கில் ஒன்றரை யூனிட்டுக்கும் குறைவு. இந்தக் கடற்கரையில் ஆண்டுச் சராசரியாக நாளுக்கு ஐந்து மணி நேர முழு வெயிலுக்குச் சமமான ஒளி கிடைக்கிறது. வெப்பம், தூசு, கன்ட்ரோலர் இழப்பு எல்லாம் சேர்த்து 70 சதவீதம்தான் கைக்கு வரும் என்று கொண்டால், 400 வாட் பேனல் ஒன்று சரியாக 1,400 வாட்-மணி தரும். சராசரி என்றால் எல்லா நாளும் அப்படி இல்லை. மார்ச், ஏப்ரலில் தேவைக்கு மேல் வரும். நவம்பர், டிசம்பரில் நான்கு மணி நேரத்துக்கு இறங்கி 1,150க்குள் நின்றுவிடும். வடகிழக்குப் பருவமழை இந்த ஊருக்கு வெறும் மேகமூட்டம் அல்ல. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலும் இங்கேதான் கரையேறின. ஃபெஞ்சலில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாட்களுக்குப் பேனலைக் கூட்டிப் பயனில்லை, இல்லாத வெயிலை எந்தப் பேனலும் பிடிக்காது. 200 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியிலிருந்து எடுக்கக்கூடிய ஏறக்குறைய இரண்டு யூனிட் ஒன்றரை நாள் தாங்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் எஞ்சினைத்தான் நாட வேண்டும்.

அப்படியென்றால் எஞ்சினே போதாதா என்று கேட்பது நியாயமான கேள்வி. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்கு வர மூன்று மணி நேரம் ஆகிறது. 30 ஆம்பியர் டி.சி.-டி.சி. சார்ஜர் ஒன்று ஆல்டர்னேட்டரிலிருந்து அந்த நேரத்தில் 1,100 வாட்-மணிக்கு மேல் நிரப்பிவிடும். அது கிட்டத்தட்ட ஒரு நாள் தேவை. தினமும் ஊர் மாறிக்கொண்டே இருப்பவருக்கு சோலார் ஆடம்பரமே, அதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். ஓரிடத்தில் மூன்று நாள் நிற்பவருக்குத்தான் பேனல் தேவை. புதுச்சேரிக்கு வருபவர்களில் பெரும்பாலோர் அந்த வகை. ஆல்டர்னேட்டரை நம்பும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பி.எஸ். 6 வண்டிகள் பலவற்றில் எரிபொருள் மிச்சத்துக்காக ஆல்டர்னேட்டரின் வோல்ட்டைக் கணினியே ஏற்றி இறக்குகிறது. பழைய முறைப்படி ஒரு ரிலேவை மட்டும் வைத்து இரண்டாவது பேட்டரியை இணைத்தால் அது ஒருபோதும் நிறையாது. இங்கேயும் கோளாறு வோல்ட்டில்தான்.

ஏ.சி.யைப் பற்றிக் கேட்காமல் யாரும் விடமாட்டார்கள். ஒரு டன் இன்வெர்ட்டர் ஏ.சி. இரவு எட்டு மணி நேரம் சராசரி 700 வாட்டில் ஓடினால் 5.6 யூனிட். அதை மட்டும் வெயிலிலிருந்து எடுக்க 1,600 வாட் பேனல் வேண்டும். 540 வாட்டில் மூன்று, எட்டு சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான இடம், 85 கிலோ எடை, அதோடு இப்போதுள்ளதைப்போல் மூன்று மடங்கு பேட்டரி. பெரிய பஸ் உடலில் இது முடியாத காரியம் இல்லை. டெம்போ டிராவலர் அளவு வண்டியில், ஏ.சி.யின் வெளி யூனிட்டும் காற்றுத் துளையும் போக மிஞ்சும் கூரையில் இது அடங்காது. இந்திய ரயில்வே 2017 ஜூலையில் டெல்லி சஃப்தர்ஜங்கில் தொடங்கிய சோலார் டெமு ரயிலில் பெட்டிகளின் கூரையில் தலா 16 பேனல்களைப் பதித்தது. அவை ஓட்டுவது விளக்கையும் விசிறியையும்தான், ரயிலை இழுப்பது டீசல் எஞ்சின். அத்தனை பெரிய கூரை இருந்தும் எல்லையை அங்கே வரைந்தார்கள். கேரவனுக்கும் அந்த எல்லையே தகும். கேரவன் பார்க்குகளில் மின் இணைப்பு தரும் ஏற்பாடு மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கேரவன் கொள்கையிலும், 2021இல் கேரளம் அறிவித்த திட்டத்திலும் இடம்பெற்றிருக்கிறது. ஏ.சி.யை அந்த பிளக்குக்கு விட்டுவிடுங்கள்.

ஊருக்குள் நிறுத்தும்போது வரும் பிரச்சினை நிழல். கடற்கரைச் சாலை மாலை ஆறு மணிக்கு மேல் வாகனங்களுக்கு மூடப்பட்டுவிடுவதால் வண்டியை உள்தெருக்களில் நிறுத்த நேர்கிறது. அங்கே வேம்பும் தூங்குமூஞ்சி மரமும் மதில் தாண்டித் தொங்கும் காகிதப்பூக் கொடியும் இருக்கின்றன. பேனலின் செல்கள் தொடராகக் கோக்கப்பட்டிருப்பதால் ஒரு செல்மேல் விழும் நிழல் அந்த வரிசை முழுவதையும் கட்டிப்போடும். அதைத் தவிர்க்கவே பேனலின் பின்பக்கப் பெட்டியில் பைபாஸ் டையோடுகள் இருக்கின்றன. வீட்டுப் பேனலில் பொதுவாக மூன்று. நிழல் பட்ட மூன்றில் ஒரு பங்கை அவை சுற்றிக் கடந்துவிடும், அந்த அளவுக்கு வோல்ட் குறையும். இதனால் என்ன ஆகிறது என்று பாருங்கள். சூட்டில் 25 வோல்ட்டில் ஓடும் 400 வாட் பேனல், ஒரு பங்கை இழந்தால் 17 வோல்ட்டில் நிற்கும். பேட்டரிக்கு வேண்டிய 14.4ஐவிட அது இன்னும் மேலேதான், எம்.பி.பி.டி. தொடர்ந்து வேலை செய்யும். சூட்டில் 14.7இல் தடுமாறும் 36 செல் பேனலில் பாதி போனால் 7 வோல்ட். அது செத்த பேனல். ஆகவே இந்த ஊருக்கு ஏற்றது, வீட்டுக்கான பெரிய பேனல்களை ஒன்றோடொன்று பேரலலாக இணைப்பது. ஒன்று நிழலில் போனாலும் மற்றது பாதிக்கப்படாது. பேரலலில் கரண்ட் கூடுவதால் வயர் கனமாக வேண்டும் என்பார்கள். இரண்டு பேனல் வரை 6 சதுர மி.மீ. சோலார் கேபிளே தாங்கும்.

வயரில் கஞ்சத்தனம் காட்டக் கூடாத இடம் கன்ட்ரோலருக்கும் பேட்டரிக்கும் நடுவில்தான். அங்கே 30 ஆம்பியர் ஓடும். இரண்டு மீட்டர் தூரத்துக்கு 4 சதுர மி.மீ. வயர் போட்டால், போக வர நான்கு மீட்டரில் அரை வோல்ட்டுக்கு மேல் விழும். கன்ட்ரோலர் தன் முனையில் 14.4 பார்த்து, பேட்டரி நிறைந்துகொண்டிருக்கிறது என்று நினைக்கும். பேட்டரி முனையில் இருப்பதோ 13.9. அதே இடத்தில் 10 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 0.2 வோல்ட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடும். பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டி ஒரு ஃபியூஸ் கட்டாயம். விபத்தில் வயர் நசுங்கினால் தீப்பற்றாமல் காப்பது அது ஒன்றே. வீட்டின் மாறுதிசை மின்சார (ஏ.சி.) லைனுக்கான எம்.சி.பி. பிரேக்கரை இங்கே மாட்டும் வழக்கம் ஆபத்தானது. ஏ.சி. மின்னோட்டம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் அதில் பொறி தானே அணையும், டி.சி.யில் அணையாது. டி.சி. என்று குறித்த பிரேக்கரையே வாங்குங்கள். இணைக்கும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல். கன்ட்ரோலர் தன் வேலை வோல்ட்டைப் பேட்டரியைப் பார்த்தே கண்டுகொள்கிறது, பேட்டரி இல்லாமல் பேனலை மாட்டுவது அதைக் குருடாக விடுவது.

உப்புக்காற்று எல்லா இணைப்பையும் மெல்ல அரிக்கும். கூரையில் பேனல் கனெக்டர்கள் வெறுமனே தொங்கி, மழைநீர் தேங்கும் இடத்தில் கிடப்பதுதான் பெரும்பாலான கோளாறுகளுக்குத் தொடக்கம். செம்பில் பச்சை பூத்து, தடை கூடி, அந்த முனை சூடாகி உருகும். வெள்ளீயம் பூசிய கம்பி கொண்ட கேபிள், பேனல் சட்டத்தின் அடியில் கட்டி உயர்த்திய கனெக்டர், 316 ரக ஸ்டெயின்லெஸ் போல்ட், அலுமினியத்துக்கும் போல்ட்டுக்கும் நடுவே நைலான் வாஷர் என்ற நான்கும் கடலோர வண்டிக்குக் குறைந்தபட்சம். கூரைத் தகட்டில் துளை போட்டால் அதன் விளிம்புக்குப் பிரைமர் பூசிய பிறகே சீலன்ட் இட வேண்டும்; இல்லையென்றால் சீலன்ட்டுக்கு அடியிலேயே துரு பரவும். வளையும் பேனலைக் கூரையில் ஒட்டிவிட்டால் துளையே வேண்டாமே என்பது கவர்ச்சியான யோசனை. எடையும் குறைவு, காற்றும் பிடிக்காது. ஆனால் ஒட்டிய பேனலுக்கு அடியில் காற்று ஓடாது, அது கண்ணாடிப் பேனலைவிடச் சூடாகும், சூடு ஏறினால் என்ன ஆகும் என்பதை மேலே பார்த்தோம். நான்கு, ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி விட்டு உயர்த்திய கண்ணாடிப் பேனல் அதிக மின்சாரமும் தரும், கூரைக்குக் குடையாகவும் இருக்கும்.

சட்டத்தைப் பற்றி ஒரு சொல். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் பிரிவு 52, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதிப்படுத்தியது. கேரவன்களுக்கு ஏ.ஐ.எஸ். 124 என்ற தரவிதி இருக்கிறது. பேனலால் வண்டியின் உயரமும் எடையும் கூடுவதால், வேலையைத் தொடங்கும் முன் போக்குவரத்துத் துறை அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்த வேலைக்குப் பின்னால் அனுமதி தேடுவது கடினம்.

எல்லாம் மாட்டி முடித்ததும், நல்ல வெயிலுள்ள ஒரு நாளில் மதியம் ஒரு மணிக்கு மல்டிமீட்டரை எடுங்கள். பேட்டரி பாதிக்கும் கீழே இறங்கியிருக்கட்டும், அப்போதுதான் முழுக் கரண்ட் ஓடும். முதலில் கன்ட்ரோலரின் பேட்டரி முனைகளில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்; உடனே பேட்டரியின் முனைகளிலேயே முள்ளை வைத்து அளந்துபாருங்கள். வித்தியாசம் கால் வோல்ட்டுக்குள் இருந்தால் வயர் வேலை சரி. அதற்கு மேல் போனால், முள்ளை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்திக்கொண்டே வாருங்கள். எந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே எண் குதிக்கிறதோ அங்கே ஒரு தளர்ந்த திருகோ, சரியாக நசுக்கப்படாத லக்கோ இருக்கும். இந்த எண்களைக் கன்ட்ரோலர் மூடியின் உள்பக்கம் தேதியோடு ஒட்டிவைத்து, மழைக்காலம் முடிந்ததும் தை மாதத்தில் மறுபடி ஒருமுறை அளக்க வேண்டும்.